மச்சான் மீசை தெரியும் படகு

போன சனிக்கிழமை சாயங்காலம் நாலரை மணி. என் மனைவி வசந்தியின் ஷவர் கேப்பைத் தலையில் மாட்டிக்கொண்டு, ஈர லுங்கியோடு, திருவொற்றியூர் வீட்டு மொட்டை மாடியில் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றிருந்தேன்.

எதிர் மாடியில் துணி எடுக்க வந்த அம்மாள் என்னைப் பார்த்தார். காய்ந்த துணியையும் காயாத துணியையும் சேர்த்து அள்ளிக்கொண்டு வேகமாக இறங்கிப் போய்விட்டார்.

அவரைக் குறை சொல்ல முடியுமா? ஐம்பதைத் தொடப்போகிற ஒரு மனிதன்... அவன் முன்னால் பதினாலு அடி நீளத்துக்குக் கவிழ்த்துப் போட்ட மரச் சாமான்... அதன் மேல் பந்தல் மாதிரி ஈரக் கொசுவலை. நானாக இருந்தால் போலீசுக்கே போன் செய்திருப்பேன்.

விஷயம் இதுதான். நான் ஒரு கயாக் செய்திருக்கிறேன். ஒரே ஒரு ஆள் காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு முனையும் தட்டையாக உள்ள துடுப்பைப் போட்டுக்கொண்டு போகிற ஒல்லிப் படகு.

எதற்கு என்று கேட்கிறீர்களா? எட்டு மாதமாக எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். எண்ணூர்க் கழிமுகத்தில் ஒரு மாலை. அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள் எல்லாம் தண்ணீருக்குள் தலைகீழாக நின்றுகொண்டிருந்தன. ஒரு கொக்கு அவற்றில் ஒன்றின் உச்சியை மிதித்துக்கொண்டு நடந்தது. அந்தத் தலைகீழ் ஊருக்குள் போய்ப் பார்க்க வேண்டும் என்று தோன்றிவிட்டது. எழுதுகிறவனுக்கு இப்படித் தோன்றினால் ஒரு பக்கம் எழுதிவிட்டுத் தூங்க வேண்டும். நான் ப்ளைவுட் வாங்கிவிட்டேன்.

வெட்டினேன், வளைத்தேன், ஒட்டினேன். பால் போடுகிறவர் சாமி பல்லக்கா என்று கேட்டார். கீழ் வீட்டுக்காரர் தயங்கித் தயங்கி, "சார்... வீட்ல யாருக்காச்சும் உடம்பு சரியில்லையா?" என்றார். அவர் என்ன பெட்டியை நினைத்துக் கேட்டார் என்பது எனக்கு மறுநாள்தான் உறைத்தது.

இதெல்லாம் சுலபமான பகுதி. கஷ்டம், மரத்தின் மேல் எபாக்ஸி பூசுவதில் இருந்தது.

எபாக்ஸி என்பது இரண்டு டப்பா. ஒன்றில் ரெசின், தேன் மாதிரி. இன்னொன்றில் ஹார்டனர். தனித்தனியாக இருக்கும்வரை இரண்டும் பரம சாது. சேர்த்துக் கலக்கினால் சில மணி நேரத்தில் கல். கல்யாணத்துக்கு நல்ல உவமை... ஆனால் வசந்தி பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியைத் தவறாமல் படிக்கிறவள். விட்டுவிடுகிறேன்.

சரியாகப் பூசினால் கண்ணாடி. மரத்தின் ரேகையெல்லாம் உள்ளே நீந்துவது போலத் தெரியும். தண்ணீர் உள்ளே போகாது. இணையத்தில் ஒருவர் பூசிக் காட்டுகிறார். அவர் ஊரில் தூசி கிடையாது, வியர்வை கிடையாது, காக்காய் கிடையாது. அவர் மனிதர்தானா என்றே எனக்குச் சந்தேகம்.

முதல் பூச்சை நான் காலை ஒன்பது மணிக்குப் போட்டேன். சுறுசுறுப்பு. சூரியன் ஏற ஏறப் படகு முழுக்கக் குமிழ் கிளம்பியது. ஒவ்வொன்றாக ஊசியால் குத்தினேன். குத்திய இடத்தில் இரண்டு முளைத்தது.

வசந்தி மேலே வந்து பார்த்தாள். "ஊத்தப்பம் நல்லா வந்திருக்குங்க. திருப்பிப் போடுங்க."

டில்லியைக் கூப்பிட்டேன். டில்லி காசிமேட்டில் ஃபைபர் படகு செய்கிற யார்டில் முப்பது வருஷமாக இருக்கிறவன். பள்ளிக்கூடத்தில் நானும் அவனும் ஒரே பெஞ்சு. நான் பத்திரிகையில் எழுத ஆரம்பித்ததிலிருந்து என்னை "ரைட்டரு" என்றுதான் கூப்பிடுகிறான். அதில் மரியாதை இருப்பதாக நான் நம்பிய காலமும் உண்டு.

படகைச் சுற்றி வந்தான். வலது கட்டைவிரலால் ஒரு குமிழை நசுக்கினான். அந்தக் கட்டைவிரலின் குறுக்கே ஒரு தழும்பு. ஃபைபர் அறுக்கும்போது பிளேடு பட்டது.

"எத்தினி மணிக்கு பூசின?"

"காலைல. ஒன்பது மணிக்கு."

"அதான். மரம் இன்னா பண்ணும் ரைட்டரு? வெயில் ஏறசொல்லோ மூச்சு வுடும். அது மூச்சு வுடசொல்லோ நீ வாயப் பொத்தினா முட்டிக்கினு தான் வரும். வெயில் எறங்கசொல்லோ பூசு. அப்போ மூச்ச உள்ள இழுக்கும். நீ குடுக்கறத சமத்தா குடிச்சிக்கும்."

இப்படி ஒரு வரி எழுதுவதற்கு நான் எத்தனை டீ குடிக்க வேண்டியிருக்கிறது தெரியுமா? இவன் சும்மா சொல்லிவிட்டு வெற்றிலை மெல்கிறான்.

இரண்டாவது பூச்சைச் சாயங்காலம் போட்டேன். நேரம் சரி. அளவு? டப்பாவில் தெளிவாகப் போட்டிருந்தது... இரண்டு பங்குக்கு ஒரு பங்கு. ஆனால் டில்லி தன் யார்டைப் பற்றிப் பேசும்போது, குளிர் காலத்தில் ஹார்டனரை ரெண்டு சொட்டு தூக்கலாக விடுவோம் என்று சொன்னது என் காதில் தங்கிவிட்டது. ரசத்துக்கு உப்பை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தே போடுகிற வீட்டில் வளர்ந்தவன் நான். காஸ் ஸ்டவ்வின் முன்னால் நிற்பது போல நின்று, ஒரு கண்ணை மூடி, தூக்கலாக விட்டேன்.

மூன்று நாள் ஆகியும் அது காயவில்லை. தொட்டால் அல்வா. நான்காவது நாள் ஒரு காக்காய் வந்து அதன் மேல் உட்கார்ந்தது. உட்கார்ந்ததும் அதன் முகத்தில் ஒரு வருத்தம் வந்தது. இழுத்துப் பிடுங்கிக்கொண்டு பறந்தது. மூன்று விரல் தடமும் ஒரு இறகும் மிச்சம்.

"நான் சொன்னது எங்க ரெசினுக்கு," என்றான் டில்லி. "அது வேற ஜாமான், இது வேற ஜாமான். உன் வூட்டு மருந்துக்கு பக்கத்து வூட்டு சீட்ட வச்சிக்கினு சாப்புடுவியா நீ?"

பிளேடால் சுரண்டி எடுக்க இரண்டு நாள்.

மூன்றாவது பூச்சு. இருமல் மருந்து பாட்டிலின் மூடியால் அளந்தேன். சாயங்காலம் பூசினேன். காய்ந்தது. பளபளத்தது. நான் படிக்கட்டில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் தூரத்தில் இருந்து.

அந்தத் தூரத்தைத்தான் சேகர் குறைத்துவிட்டான்.

சேகர் என் மச்சான். வசந்தியின் தம்பி. அண்ணா நகரில் ஒரு கார் ஷோரூமில் பெயிண்ட் செக்‌ஷன் பார்க்கிறவன். கல்யாண வீட்டுக்குப் போனால் மாப்பிள்ளையைப் பார்ப்பதற்கு முன்னால் மாப்பிள்ளை வந்த காரின் கதவைத் தடவிப் பார்க்கிற ஜாதி. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தவன் மாடிக்கு ஏறினான். மொபைல் டார்ச்சை அடித்தான். உள்ளங்கையால் தடவினான்.

"மாமா, ஆரஞ்சுத் தோல் மாதிரி இருக்கே. ரோலர் தடம் அப்படியே நிக்குது. இந்தக் கருப்புப் புள்ளியெல்லாம் என்ன... டிசைனா?"

டிசைன் இல்லை. கரித்தூள். எண்ணூர்ப் பக்கமிருந்து காற்று அடித்தால் எங்கள் மாடிகளில் இறங்குவது. இந்தப் பக்கம் யாரும் வெள்ளை வேட்டியைக் காயப்போட்டுவிட்டு நிம்மதியாக உட்கார மாட்டார்கள். அது என் பூச்சில் விழுந்து, நிரந்தரமாகக் குடியேறியிருந்தது. பக்கத்தில் இரண்டு கொசு.

"தூரத்துல இருந்து பாத்தா நல்லாத்தான் இருக்கு," என்றேன்.

"தூரத்துல இருந்து பாத்தா நானும் நல்லாத்தான் இருப்பேன் மாமா." சேகர் மீசையைத் தடவிக்கொண்டான். அவனுக்கு அந்த மீசை மேல் தனி அக்கறை. சட்டைப் பையில் சின்னச் சீப்பு வைத்திருப்பான். "அடுத்த ஞாயித்துக்கிழமை வரேன். இதுல பாத்து நான் மீசை சீவ முடிஞ்சா, நானே இதுல உக்காந்து கழிமுகத்துல துடுப்பு போடறேன். போதுமா?"

"சீவ முடியலன்னா?" இது வசந்தி.

நான் பேசாமல் இருந்திருக்க வேண்டும். "நீயே சொல்லு," என்றேன்.

ஹாலில் என் புத்தகங்கள் தரையில் குவிந்து கிடக்கின்றன. அலமாரி வேண்டும் என்று அவள் ஆறு வருஷமாகக் கேட்கிறாள்.

"நடுவுல அறுத்துடலாம்," என்றாள் வசந்தி. "ரெண்டு பாதியையும் நிமித்தி வச்சு, குறுக்கால பலகை அடிச்சா ரெண்டு புக் ஷெல்ஃப். மேல கூரா கோபுரம் மாதிரி அழகா இருக்கும். மரம் நல்ல மரம்னு நீங்கதானே சொன்னீங்க?"

சிரித்தாள். சேகரும் சிரித்தான். நானும் சிரித்தேன். மறுநாள் காலை ஹால் சுவரில் இரண்டு பென்சில் கோடுகள் இருந்தன. சரியாக ஏழடி உயரத்தில். அடுத்த ஞாயிறு பதினோரு மணிக்கு வரச் சொல்லி ஆசாரிக்குப் போனும் போயிருந்தது.

அதற்கப்புறம் நான் சிரிக்கவில்லை.

அந்த வாரம் முழுக்கத் தேய்த்தேன். முதலில் உப்புத்தாள். பிறகு தண்ணீர் விட்டுத் தேய்க்கிற வாட்டர் பேப்பர். வண்ணாரப்பேட்டைக் கடையில் பாய் என்னைப் பார்த்ததும் அவராகவே எடுத்து வைக்க ஆரம்பித்துவிட்டார். "இன்னா சார், வாரா வாரம் வாங்கினு போறீங்கோ. இத்த சாப்புடறீங்களா?" என்றார். கரித்தூள் போயிற்று, கொசு போயிற்று, ஆரஞ்சுத் தோல் போயிற்று, என் கைரேகையில் பாதியும் போயிற்று.

ஆக, சனிக்கிழமை. கடைசிப் பூச்சு. மூன்று மணிக்கெல்லாம் டில்லி வந்துவிட்டான். வந்ததும் அவன் முகமே மாறிப்போனது... ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டர் முகம்.

"குளிச்சியா?"

"காலைல."

"இப்போ குளி. பவுடர் கிவுடர் போடாத. துண்டால தொடைக்காத, நூலு வரும். லுங்கி ஈரமா கட்டிக்க, தூசி அதுல ஒட்டிக்கும். தலைல எதுனா மாட்டு. உனுக்கு முடி கீறதே பத்து. அதுல ஒண்ணு உள்ள வுழுந்தா நாளிக்கு உன் மச்சான் அத்தத்தான் முதல்ல பாப்பான்."

ஷவர் கேப் வந்த கதை இதுதான்.

தரையெல்லாம் தண்ணீர் அடித்தோம். கொசுவலையை நனைத்துப் பந்தல் கட்டினோம். மருந்து மூடியால் டில்லியே அளந்தான். ஒருமுறை இல்லை, இரண்டு முறை. கலக்கியதை அகலமான தட்டில் ஊற்றினான். ஆழமான டப்பாவில் வைத்தால் அதற்குக் கோபம் ஏறிப் புகைய ஆரம்பித்துவிடுமாம்.

நான் ரோலரை உருட்டினேன். பின்னாலேயே டில்லி பிரஷ்ஷை நுனியால் மட்டும் இழுத்துக்கொண்டு வந்தான்.

"அழுத்தாத ரைட்டரு. தூங்கற கொயந்த மேல போர்வை போட்டுக்கினு கீற. அப்டி போ."

பாதி தூரம் போனதும் எனக்குத் தும்மல் வந்தது.

இந்த உலகத்தில் எத்தனையோ ஆபத்துகள் உண்டு. ஈர எபாக்ஸிக்கு மேலே, முக்கால் அடி உயரத்தில், ஒரு தும்மல் உருவாகிக்கொண்டிருப்பதைப் போல வேறில்லை. கண்ணில் தண்ணீர். கையில் ரோலர், விட முடியாது. டில்லி பார்த்துவிட்டான். அவன் கையிலும் பிரஷ்.

"அண்ணி," என்றான். மிக மெதுவாக. "அண்ணி... மூக்கு."

காபியோடு மேலே வந்த வசந்தி டம்ளரைக் கீழே வைத்தாள். கொசுவலைக்குள் கையை விட்டாள். என் மூக்கைப் பிடித்தாள். பால்காரர் பாக்கெட்டின் ஓரத்தைப் பிடிப்பது போல, இறுக்கமாக. தும்மல் வந்த வழியே திரும்பிப் போனது. எங்கே போனது என்று தெரியவில்லை. இன்னும் வெளியே வரவில்லை.

ஐந்தரைக்கு முடிந்தது.

நான் ஓரடி பின்னால் வந்து பார்த்தேன். பிறகு ஓரடி முன்னால் போய்ப் பார்த்தேன். தூரம் தேவைப்படவில்லை. மாலை அப்படியே படகின் மேல் படுத்திருந்தது. காட்டுப்பள்ளிப் பக்கம் போகிற ஒரு மேகம் முனையில் ஏறி வாலில் இறங்கியது. மரத்தின் ரேகைகள் உள்ளே ஆறு மாதிரி ஓடின. அந்த ஆற்றின் நடுவில் ஷவர் கேப்போடு ஒரு ஆள் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். நான்தான்.

"டில்லி," என்றேன். "முகம் தெரியுதுடா."

டில்லி கைப்பிடிச் சுவரோரம் போனான். தரையைக் கழுவிய நாங்கள் சுவரின் வெளிப்பக்கத்தைக் கழுவவில்லை. அங்கே தன் வலது கட்டைவிரலை ஒரு இழுப்பு இழுத்தான். கரித்தூள். மூன்று வாரமாக நான் யாரோடு சண்டை போட்டேனோ அதே கரித்தூள். மை மாதிரி விரலில் அப்பியது. திரும்பி வந்தான். கொசுவலையைத் தூக்கினான். படகின் முனையில், பக்கவாட்டில், குழந்தைக்குக் கன்னத்தில் வைப்பது போல...

அழுத்தினான்.

நான் அவன் விரலையும் படகையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"இன்னா அப்டி பாக்கற? பொட்டு வச்சேன்."

"டில்லி... ஈரம்டா."

"ஈரத்துல வச்சாதான் ஆயுசுக்கும் நிக்கும். காஞ்சப்புறம் வச்சா மழைல பூடும்."

"தூசி விழக்கூடாதுன்னு என்னைக் குளிக்க வச்சியேடா."

"தூசி வேற, பொட்டு வேற. இத்தினி பளபளன்னு ஒரு போட்டு வெளிய போனா ஊர் கண்ணு சும்மா வுடுமா? எங்க யார்டுல நான் வைக்காம ஒரு போட்டு தண்ணில எறங்கினதில்ல. ஒண்ணாச்சும் முழுகிச்சா, சொல்லு."

"பிரஷ்ஷால ஒரு இழுப்பு இழுத்துடலாமா?"

"தொட்டேன்னு வச்சிக்க, ஒரு புள்ளி ஒம்போது கோடு ஆயிடும். இறுக ஆரம்பிச்சிச்சி. வுடு." சட்டையைப் போட்டுக்கொண்டான். "அண்ணி, காபி ஆறிப்போச்சி போலக்கீது."

கண்ணாடி மாதிரி பதினாலு அடி. அதன் மூக்கில் கருப்பாக ஒரு கட்டைவிரல், குறுக்கே தழும்போடு. வசந்தி குனிந்து பார்த்தாள். இறங்கும்போது, "ஆசாரிய பதினோரு மணிக்குத்தான் வரச் சொல்லியிருக்கேன்," என்றாள். அது ஆறுதலா மிரட்டலா என்று பிரித்துப் பார்க்க என்னால் முடியவில்லை.

ஞாயிறு. பத்தே முக்காலுக்கே ஆசாரி வந்து, ரம்பத்தை மடியில் வைத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்தார். ரொம்ப மரியாதையான மனிதர். என்னைப் பார்த்து எழுந்து வேறு நின்றார். கொஞ்ச நேரத்தில் சேகர். பையில் சீப்பு.

மாடிக்கு வந்தான். நின்றான். நேராக முனைக்குப் போனான்.

"மாமா, இது என்ன?"

"பொட்டு."

"யாராவது கை வச்சுட்டாங்களா? அய்யோ... சரியா மூக்குலயே." டார்ச்சை அடித்தான். குந்தி உட்கார்ந்தான். நகத்தால் சுரண்டினான். "உள்ளயே செட் ஆயிடுச்சு. ரெண்டாயிரம் நம்பர் வாட்டர் பேப்பர் போட்டுத் தேச்சு, பாலிஷ் காம்பவுண்டு அடிச்சா போகுமா... போகாது. யாரோட விரல் மாமா இது? குறுக்கால ஏதோ கோடு ஓடுதே."

கால் மணி நேரம். சத்தியமாகக் கால் மணி நேரம் அந்தப் பொட்டையே பார்த்தான். இந்தப் பக்கம் சாய்ந்து பார்த்தான், அந்தப் பக்கம் சாய்ந்து பார்த்தான். பின்பக்கம் வால் ஓரத்தில் எபாக்ஸி வழிந்து ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது, அவன் பார்க்கவில்லை. இடது பக்கம், வலைக்குத் தப்பி வந்த ஒரு கொசு, இறக்கை விரித்த நிலையில் சமாதியாகியிருந்தது. பார்க்கவில்லை. நடுவில் ஒரு முடி. பத்தில் ஒன்று. அதையும் பார்க்கவில்லை.

பொட்டுக்கு மிக அருகே போனான். சட்டென்று நின்றான். தலையைக் கொஞ்சம் திருப்பினான். இடது பக்க மீசையில் ஒரு முடி தூக்கிக்கொண்டு நின்றது போலிருக்கிறது... கை தானாகப் பைக்குள் போய்ச் சீப்பை எடுத்தது. சீவினான்.



"டேய் சேகர்," என்றாள் வசந்தி. "எதைப் பாத்துடா சீவற?"

அவன் சீப்பைப் பார்த்தான். படகைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். சீப்பை மெதுவாகப் பைக்குள் வைத்தான்.

ஆசாரி ரம்பத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு எழுந்தார். "நல்லா கீது சார்," என்றார். வசந்தி அவருக்குக் காபி கொடுத்து, ஹாலுக்குக் கூட்டிப்போய்ச் சுவரைக் காட்டினாள். புதுப் பலகையில் அலமாரி வரப்போகிறது. தப்பிக்கவில்லை நான்.

ஐந்து நாள் இறுகட்டும் என்றான் டில்லி. வெள்ளிக்கிழமை சேகர் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தான். மாடியிலிருந்து கயிறு கட்டி இறக்கினோம். எதிர் மாடி அம்மாளும் ஒரு கை பிடித்தார். கழிமுகத்தில் சேகர் ஷோரூம் டையோடு உள்ளே உட்கார்ந்து துடுப்பு போட்டான். நேராகப் போகவில்லை. ஆனால் போனான். தலைகீழாக நின்ற புகைபோக்கிகளைக் கலைத்துக்கொண்டு போனான்.

திரும்பி வந்ததும் கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒருவர் எழுந்து வந்தார். பளபளப்பைப் பார்ப்பார் என்று நான் கொஞ்சம் ஒதுங்கி நின்றேன். அவர் நேராக முனைக்குப் போனார். குனிந்தார்.

"டில்லி விரலா இது?"

"ஆமா."

"அப்போ சரி," என்று சொல்லிவிட்டு வலைக்குத் திரும்பிவிட்டார்.

திருஷ்டிப் பொட்டு எப்படி வேலை செய்கிறது என்று எனக்கு இப்போதுதான் புரிகிறது. பார்க்கிற கண்ணுக்குக் குறை வேண்டும். ஒன்றை எடுத்து மூக்குக்கு நேராக வைத்துவிட்டால், அது அங்கேயே சாப்பிட்டு வயிறு நிறைந்து போய்விடுகிறது. பின்னால் வழிகிற சொட்டு, செத்த கொசு, உதிர்ந்த முடி... எல்லாம் நிம்மதியாக இருக்கலாம்.

இந்தப் பத்தியிலும் ஓரிடத்தில் கட்டைவிரலை அழுத்தி வைத்திருக்கிறேன். தயவுசெய்து அதை மட்டும் பாருங்கள்.